சொல்லிப் படித்த படங்கள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் இருக்கிற உடம்போடு நலமாகவே இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறீர்கள் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு டயாலிசிஸ் தவறாமல் நடக்கிறது, கால் வீக்கம் வடிந்திருக்கிறது, பார்வைதான் இன்னும் மங்கிவிட்டது, எதிரே நிற்பது நானா நர்ஸா என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார். உன் தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, அதிலிருந்து வீட்டில் கால் தரிப்பதில்லை.

நீ வரைந்த புத்தகம் வந்து சேர்ந்தது. வந்த அன்றைக்கே உட்கார்ந்த இடத்தில் புரட்டி முடித்துவிட்டேன். அத்தனை பக்கத்திலும் பேச்சே இல்லை, கட்டம் கட்டமாக ஒரே அறை, ஒரே பெண், ஒரு ஜன்னல். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அப்பாதான் விடவில்லை. எம்பொண்ணு போட்ட படத்தை எனக்குச் சொல்லு, ஆஸ்பத்திரியில சும்மாதானே படுத்திருக்கேன் என்றார். அதனால் அங்கே அவர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கட்டமாகச் சொல்ல ஆரம்பித்தேன். பார்ப்பது வேறு, சொல்வது வேறு என்று அப்போதுதான் தெரிந்தது. கை எங்கே இருக்கு, வெளிச்சம் எந்தப் பக்கம், கட்டம் பெரிசா சின்னதா என்று குடைந்துகொண்டே இருப்பார். பதில் சொல்லத் திரும்பப் பார்த்தால் முன்பு கண்ணில் படாதது படும். ஜன்னலோரம் ஒரு மரத்தொட்டில் துணி மூடிக் கிடக்கிறது, அடுத்த பக்கத்தில் அது இல்லை, இருந்த இடத்தில் தரை மட்டும் நிறம் மாறித் தெரிகிறது. தொட்டில் போன பிறகு கட்டங்களும் குறுகிக்கொண்டே வருகின்றன, முழங்காலை மடக்கினால்தான் அந்தப் பெண்ணுக்கு இடம். அதற்கப்புறம் இரண்டு பக்கம் எல்லாக் கட்டமும் கறுப்பு. நான் தள்ளிவிடப் பார்த்தேன். ஏன் நிறுத்திட்டே என்றார். ஒண்ணுமில்லைங்க, வெறும் கறுப்பு என்றேன். அதையும் சொல்லு, அவ சும்மா போட்டிருக்க மாட்டா என்றார். விரலை வைத்துக் கறுப்பு, கறுப்பு என்று சொல்லிக்கொண்டே போனேன், பாதியில்தான் எனக்கு உறைத்தது. குழந்தை ஆறாம் மாதத்தில் தங்காமல் போனபோது நீ போனில் சொன்னது எல்லாம் சரியாயிடுச்சும்மா என்ற ஒரு வார்த்தைதான். சொல்லாமல் விட்டது அத்தனையும் இங்கே இருக்கிறது. அப்பா ஊசி குத்தாத கையால் அந்தப் பக்கத்தைத் தடவிக்கொண்டே இருந்தார்.

கடைசிப் படத்தில் கதவு பாதி திறந்திருக்கிறது, ஆளைக் காணோம். அதையும் சொல்லிப் புத்தகத்தை மூடினேன். பக்கத்துப் படுக்கையில் ஒரு லாரி டிரைவர், தூங்குகிறார் என்றுதான் நினைத்திருந்தோம், கண்ணைத் திறக்காமலே, அந்தப் பொண்ணு வெளியே வந்துட்டாளா, இன்னும் உள்ளேதான் இருக்காளாம்மா என்று கேட்டார். அப்பாதான், அது எங்க பொண்ணுதாங்க, கேட்டுச் சொல்றோம் என்றார்.

அதைத்தான் கேட்கிறேன் கண்ணு. வாயால் சொல்ல வராவிட்டால் வரைந்து அனுப்பு, அப்பாவுக்கு நான் சொல்லிவிடுகிறேன். இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிடாதே, மாப்பிள்ளையும் உள்ளுக்குள் நொந்துதான் இருப்பார், அவரையும் பார்த்துக்கொள். நீங்கள் இருவரும் நோய் நொடியில்லாமல், மனம் தேறி நெடுநாள் வாழ எங்கள் ஆசிகள்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அம்மா