அக்காவின் பாதத்துக்கு ஒரு சைலன்சர்

மார்ச் 3, செவ்வாய்

மேட்டில் ஏறும்போது கார் அடியில் டப்பென்று ஒரு சத்தம். பிறகு வீடு வரை ஒரே உறுமல். குனிந்து பார்த்தால் சைலன்சர் குழாய் துருப்பிடித்து, விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. இருபத்தாறு வயசு டர்போ காருக்கு இதெல்லாம் சகஜம்தான். ஆனால் புகை உள்ளே வந்திருக்கிறது. பக்கத்து சீட்டில் இருந்த அக்காவுக்குத் தலைவலி, இறங்கியதும் வாசலிலேயே வாந்தி.

அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. குழாய் கரகரத்தது அவளுக்குத் தெரிய வழியில்லை. கேட்டவனுக்கு என்ன கேடு? ஒரு மாசமாக, அப்புறம் பார்த்துக்கலாம், அப்புறம் பார்த்துக்கலாம் என்று ஓட்டினேனே — சவுண்டு இன்ஜினியராம்.

மார்ச் 5, வியாழன்

அக்கா கைகளால் சொன்னாள். புரியாத மாதிரி நடிக்க எனக்கு இடமே கொடுக்கவில்லை. இனி அந்தக் காரில் ஏற மாட்டாளாம். மாசக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் விற்றுவிட வேண்டுமாம். அப்பா எங்கள் இருவர் பெயரிலும் விட்டுப்போன கார். பாதி அவளுடையது.

விற்பதுகூடப் பரவாயில்லை. பக்கத்து சீட்டு காலியாக இருக்க நான் அந்த மேட்டில் ஏறுவதைத்தான் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

மதியம் நிறுத்தியிருந்த காருக்குள் சும்மா உட்கார்ந்திருந்தேன். கண்ணாடியில் மேகங்கள் ஊர்ந்தன, கார் நகர்வது போலவே இருந்தது.

அப்பா ஓட்டுவார், பின் சீட்டில் நாங்கள் இருவரும். மேட்டில் அப்பா மிதித்ததும் ஒரு கணம் ஒன்றுமே நடக்காது. பிறகு டர்போ மெல்ல விசிலடிக்கும், யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளுவது போல கார் பாயும். அந்த விசில் எனக்குக் கேட்பதற்கு முன்பே அக்கா என் தோளை இரண்டு தட்டுத் தட்டிவிடுவாள். எப்படித் தெரியும் என்று நான் கேட்டதே இல்லை.

மார்ச் 10, செவ்வாய்

குழாய் வெல்டரின் பட்டறை. டர்போ வண்டிக்கு வெளிவிடும் மூச்சு தாராளமாகப் போக வேண்டும் என்றார். "அதுக்காக வாயைத் திறந்து விட்டா தெருவே சண்டைக்கு வரும். நீங்க நிதானமா யோசிங்க தம்பி."

மூன்று விதம் காட்டினார். பழைய அளவிலேயே ஒன்று. தடையே இல்லாமல் நேராகப் போகும் பெரிய குழாய் ஒன்று. நடுத்தர அகலத்தில், இரண்டு சைலன்சர் டப்பா வைத்தது ஒன்று. மூன்றும் பட்டறைக்கு வந்த கார்களில் இருந்தன. ஸ்டுடியோ மைக்கை நீட்டி மூன்றையும் பதிவு செய்துகொண்டேன்.

மார்ச் 12, வியாழன்

வேலை நேரத்தில் ஹெட்போனில் குழாய்கள். முதலாவது போர்வைக்குள்ளிருந்து பேசுகிறது. இரண்டாவது கத்துகிறது. மூன்றாவது — கண்ணை மூடினால் அறை மிதக்கிறது. நாற்பது முறை கேட்டிருப்பேன். என்ன நிகழ்ச்சிக்கு என்று மேலாளர் கேட்டார். குடும்ப நிகழ்ச்சி என்றேன்.

மார்ச் 13, வெள்ளி

கனவில் நீளமான குழாய்க்குள் நடந்தேன். மறுமுனையில் அக்கா நின்றாள். நான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். முட்டாள், கையை ஆட்டியிருக்கலாமே.

மார்ச் 19, வியாழன்

மூன்றாவது குழாயைப் பொருத்தியாயிற்று. அதிர்வு கொஞ்சமும் உள்ளே வராதபடி, குழாயைத் தொங்கவிட இருப்பதிலேயே மென்மையான ரப்பராகக் கேட்டு வாங்கினேன். கசிவு இல்லை என்று வெல்டர் இரண்டு முறை பார்த்துச் சொன்னார். என்ன நாதம்! ஊரைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

மார்ச் 22, ஞாயிறு

கெஞ்சிக் கூத்தாடி அக்காவை ஏற்றினேன். ஜன்னலை முழுக்க இறக்கச் சொன்னாள். செருப்பைக் கழற்றினாள். மேட்டில் மிதித்தேன், குழாய் அப்படிப் பாடியது, நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

அவள் குனிந்து தரையில் உள்ளங்கையை வைத்தாள். எடுத்தாள். "வண்டி ஓடுதா?" என்று கையால் கேட்டாள். கிண்டல் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. வீடு வந்ததும் இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு, ஜன்னல் வழியாகக் கையால் சொன்னாள்:

"உன் காதுக்கு ஒண்ணு வாங்கிட்ட. எனக்கு எங்க?"

மார்ச் 23, திங்கள்

காது கேட்காதவளைத் திரும்ப அழைத்துவர, காதால் தேடியிருக்கிறேன். மூன்று வாரம். ஹெட்போன் வேறு. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தது இதைவிடக் கொஞ்சம் புத்திசாலித்தனமாகத்தான் இருந்திருக்கும். வெட்கமாக இருக்கிறது. அவளிடம் அதை அப்படியே சொன்னேன். பட்டறைக்கு வா, நீயே தேர்ந்தெடு என்றேன். யோசிக்கிறேன் என்றாள்.

மார்ச் 26, வியாழன்

வந்தாள்! குழாயை மாற்ற வேண்டியிருக்கவில்லை. அவள் சீட்டுக்கு நேர்கீழே குழாயைத் தாங்கும் ரப்பரை மட்டும் வெல்டர் மாற்றி மாற்றிப் போட்டார். அக்கா வெறுங்காலோடு, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கெட்டியான ரப்பருக்கு முகத்தைச் சுளித்தாள், அதிர்வு பல் வரைக்கும் ஏறுகிறதாம். அடுத்த இரண்டுக்கும் உதட்டைப் பிதுக்கினாள். நான்காவதற்குக் கால் விரல்கள் மெல்ல விரிந்தன. அவள் முகம் எங்கோ தூரத்தில் இருந்தது. அதையே வெல்டர் இறுக்கிப் பொருத்தினார்.

பிறகு வெல்டர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இத்தனை வருஷமா எல்லாரும் இங்க காதைத்தான் நீட்டுவாங்க. காலை நீட்டினது இவங்க ஒருத்தங்கதான்." நான் அதைக் கையால் சொன்னேன். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மேட்டில் ஏறிப் பார்க்கலாமா என்று கேட்டேன். ஞாயிறு பார்க்கலாம் என்றாள்.

மார்ச் 29, ஞாயிறு

விற்பதைப் பற்றி அவள் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அவளாகவே வந்து ஏறி, செருப்பைக் கழற்றிப் பின்னால் போட்டாள். ஜன்னலை இறக்கச் சொல்லவில்லை. மேட்டில் மிதித்தேன். ஒரு கணம் ஒன்றுமே நடக்கவில்லை.

தோளில் இரண்டு தட்டு விழுந்தது. அதற்குப் பிறகுதான் எனக்கு விசில் கேட்டது.