கீரை மட்டும் போதுமாம்

மார்ச் 4
இந்தக் கோடைக்கு என் தோட்டத்தில் என்ன போடுவது என்று என்னைக் கேட்காமல் இவர்களே முடிவு செய்துவிட்டார்கள். அநியாயம் இதுதான். தம்பி மகன் காபியை உறிஞ்சிக்கொண்டே சொல்கிறான்: "இந்த வாட்டி கீரை மட்டும் போடுங்க அத்தை. போதும்." பக்கத்தில் அவன் மனைவி வாயே திறக்கவில்லை. ஊமைக்கோட்டான் என்று நான் பெயர் வைத்தது சும்மாவா?

வெயில் காலம் வெண்டைக்கும் பாகலுக்கும் ராஜயோகம். யாரிடமும் பாடம் கேட்காமல் இந்த மண்ணைக் கொத்திக் கொத்தியே பழகியவள் நான். கீரை ஒரு மாதத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு இடத்துக்கு என்ன வேலை வைத்திருக்கிறார்கள்?

மார்ச் 6
கொல்லைப்புறத்தை டேப் வைத்து அளக்கிறான். என்னைக் கண்டதும் டேப் பைக்குள் போனது. "சும்மா அத்தை." கார் வாங்கும் பேச்சு கொஞ்ச நாளாகவே ஓடுகிறது. ஷெட் எங்கே வரும்? என் பாத்தி மேலே.

மார்ச் 7
வீம்புக்கு வெண்டை ஊன்றினேன். விதைப் பொட்டலத்தில் எழுத்தை வேண்டுமென்றே மங்கலாக அச்சடிக்கிறார்கள், தேதி போன விதையைத் தள்ளிவிட. கொல்லை விளக்கும் மங்கல். மட்டமான பல்பாகப் பார்த்து மாட்டியிருக்கிறான்.

மார்ச் 19
வெண்டைக் கன்று ஒன்றுகூட இல்லை! குனிந்து தடவிப் பார்த்தேன். எல்லாம் களை. நேற்றுத்தானே களைக்கொத்தால் சுத்தமாக எடுத்தேன்?

ஊமைக்கோட்டானைப் பிடித்தேன். "என் கன்னை எதுக்குடி புடுங்குன?"

"நீங்கதான் அத்தை புடுங்குனீங்க. ஜன்னல்ல இருந்து பாத்துட்டுதான் இருந்தேன்."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா கேக்கவா போறீங்க? போன வருஷம் கண் ஆபரேஷன்னு சொன்னதுக்கு ரெண்டு நாள் சாப்பிடவே இல்ல."

இவ்வளவு நீளமாக அவள் பேசி நான் கேட்டதில்லை. பொய்க்காரி.

அதே நாள், மாலை
குப்பைக் குவியலைக் கிளறினேன். ஓர் இலையை விரலில் வைத்துத் தேய்த்தேன். சொரசொரப்பு. வெண்டைதான்.

மார்ச் 21
இருவரையும் உட்கார வைத்துக் கேட்டேன். கண்ணில் புரை என்று போன வருடம் டாக்டர் சொன்னபோது நான் எழுந்து வந்துவிட்டேன். இப்போது எனக்குத் தெரியாமல் அடுத்த மாதம் ஆபரேஷனுக்கு நாள் வாங்கியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் குனியக் கூடாதாம், மண்ணில் கை வைக்கக் கூடாதாம். அதற்குள் முடிகிற பயிர் என்றுதான் கீரையாம்.

"அப்ப டேப்பு?"

தலையைச் சொறிகிறான். "அது... ஷெட்டுக்குத்தான் அத்தை. உங்க கண்ணு சரியானப்பறம் கேக்கலாம்னு—"

பார்த்தாயா! என் கண்ணுக்கு எழுத்து தெரியாமல் போகலாம். ஆள் தெரியும்.

மார்ச் 24
ஆபரேஷனுக்குப் போகிறேன். ஆனால் கீரை கிடையாது. பாகல். அதற்குப் பந்தல் மாதக்கணக்கில் நிற்க வேண்டும்.

பந்தல்கால் நான்கும் தம்பி மகன் நட வேண்டும். டேப் வைத்த அதே இடத்தில்.
விதையை ஊறவைத்து ஊன்றுவது நான், ஆபரேஷனுக்கு முன்பே.
தண்ணீர் அவன். வேரில் ஊற்ற வேண்டும், இலையில் அல்ல.
களை எடுப்பதும் கொடி ஏற்றிக் கட்டுவதும் ஊமைக்கோட்டான். அவளுக்குத்தான் நன்றாகக் கண் தெரிகிறதே.
கொடி எதுவரை ஏறியிருக்கிறது என்று தினமும் என் கட்டிலருகே வந்து அவள் சொல்ல வேண்டும். வாயைத் திறந்து.