தீர்த்தம் ஊற்றிய பாய்லர்

நங்கை, ஆர்.எஸ்.புரத்தில் ஒரு நகைக்கடை வாசலில் பழைய செம்பு பாய்லர் ஒன்றைத் துலக்கி அலங்காரத்துக்கு வைத்திருக்கிறார்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றும் புனலில் பிளாஸ்டிக் பூ. முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் புளி போட்டுத் தேய்த்த செம்பின் வாசனை மூக்கில் ஏற, கடைக்குள் போகாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நம் தொண்டாமுத்தூர் தோட்டத்து வீட்டு பாய்லரும் இதே மாதிரிதான். மேலே ஒரு குடம் ஊற்றினால்தான் மூக்கு வழியாக ஒரு குடம் வெந்நீர் வரும். ஊற்றாவிட்டால், உள்ளே எவ்வளவு கொதித்தாலும் நமக்கு ஒரு சொட்டு கிடையாது.

தொண்ணூறுகளில் ஒரு தை மாதம். குறைமாதத்தில் பிறந்த என் மகளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தோம். காலையில் தொட்டுப் பார்த்தால் பாதம் சில்லிட்டுக் கிடந்தது. அப்படி ஆனால் வெந்நீர் பாட்டில்களைத் துணியில் சுற்றி இரண்டு பக்கமும் அணைத்து வைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். பாய்லர் கொதித்துக்கொண்டிருந்தது. ஊற்றத்தான் தண்ணீர் இல்லை. ராத்திரி காட்டிலிருந்து இறங்கிய யானைகள் தொட்டிக் குழாயை மிதித்து உடைத்துவிட்டு, வெயில் ஏறியும் போகாமல் வாசலுக்கு எதிரே தென்னைக்குள் நின்றன. என் வீட்டுக்காரர், உங்கள் தம்பி, பின்வேலியைத் தாண்டி வண்டி தேடி ஓடியிருந்தார். நான் காலிக் குடங்களைக் கவிழ்த்துப் பார்த்தேன். கவிழ்த்த குடத்தையே மறுபடி கவிழ்த்தேன்.

வீட்டில் மிச்சமிருந்த தண்ணீர் உங்களுடையது. உங்களுக்கு ஒரு பிள்ளை வேண்டுமென்று நேர்ந்துகொண்டு, கோயில் கும்பாபிஷேகத்துக்காகக் கொடுமுடியிலிருந்து நடந்தே சுமந்து வந்த காவிரித் தீர்த்தம். எங்களைத் தொடக்கூட விட்டதில்லை. குடத்து வாயிலிருந்த வேப்பிலையை எடுத்து வைத்துவிட்டு, நீங்களே அதைப் புனலில் சாய்த்தீர்கள்.

“நங்கை, அது சாமிக்குங்களே” என்றேன்.

“சாமிக்குக் குளுராது அம்மணி. நீ பாட்டலப் புடி.”

ஆறிய தண்ணீரைத் திரும்ப ஊற்றுவதும் சூடானதைப் பிடிப்பதுமாக, அந்தத் தீர்த்தத்தையே பாய்லருக்கும் பிள்ளைக்கும் நடுவே சுற்றவிட்டோம். வண்டி வருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

சாமிக்கு வைத்த தண்ணீரை வெந்நீராக்கியதால்தான் பிள்ளை போனது என்று ஊர் பேசியது. கடைசிவரை உங்கள் மடி நிறையாததற்கும் அதையே சொன்னது. இன்று கேட்க நீங்களும் இல்லை. ஆனாலும் சொல்கிறேன். கடைசியாக அவளுக்குத் துணி சுற்றியவள் நான். பாதம் சூடாக இருந்தது, நங்கை. என் உள்ளங்கையில் இன்னும் இருப்பது அந்தச் சூடுதான்.