உன் பெயரைக் கேட்டு வந்தார்கள், அக்கா

என் ரோஸி அக்காவுக்கு,

நீ போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை, ராயபுரம் வீட்டு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. ரோஜா மாலையோடு இறங்கியவன் சேகர். நீ மாலத்தீவுக்கு வேலைக்குப் போவதற்கு முன், திருவொற்றியூர் பள்ளியில் உன்னிடம் அறிவியல் படித்தவன். இப்போது எண்ணூரில் ஓர் ஆலையில் மக்கள் தொடர்பு அதிகாரி. உன் படத்துக்கு மாலை போட்டுவிட்டு விசும்பி அழுதான். அந்த அழுகை பொய்யில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் உறுத்தியது.

"ஆண்ட்டி, டீச்சர் பேர்ல எண்ணூர் குப்பத்துல ஸ்கூல் கட்டப்போறோம். அதுக்கு ஒரு கூட்டம் வெச்சிருக்கோம், அதுல நீங்க ரெண்டு வார்த்தை பேசினா போதும்."

ஆற்றில் கழிவைக் கலக்காதே என்று குப்பத்துப் பெண்களோடு அதே ஆலை வாசலில் வெயிலில் உட்கார்ந்தவள் நீ. அன்று ஒரு வாய் தண்ணீர் தராதவர்களுக்கு இன்று என்ன திடீர்ப் பாசம்?

"எந்த இடத்துலப்பா?"

"ஆத்தோரமா ஆண்ட்டி" என்றவன், என் முகத்தைப் பார்க்காமல் டீயைக் குடித்தான்.

மறுநாள் எண்ணூருக்கு பஸ் ஏறினேன். மாலத்தீவில் அத்தனை வருஷம் பாடம் நடத்தினாய். சாயங்காலமானால் அங்கே பிள்ளைகளின் அம்மாக்களுக்கும் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தாய். ஊர் திரும்பியாவது ஓய்வெடுப்பாய் என்று பார்த்தால், இந்தக் குப்பத்தில் மாலை வகுப்பு ஆரம்பித்துவிட்டாய். ஓய்வு என்றால் உனக்கு அத்தனை பயமா அக்கா?

உன்னோடு ஆலை வாசலில் உட்கார்ந்த இறால்காரி கஸ்தூரி, என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னா டீச்சரம்மா தங்கச்சி, நீயும் ஒத்துகினியா?"

"எதுக்கு?"

வலைகள் காய்ந்துகொண்டிருந்த மேட்டைக் கைநீட்டிக் காட்டினாள். ஓரமாகப் படகுகள் நின்றன.

"இங்கதான் ஸ்கூலாம். சுத்தி சுவரு எழுப்பிட்டா ஆத்துல எப்டி எறங்கறது? வேற பேருன்னா சண்டைக்கு நின்னுடுவோம். டீச்சரம்மா பேருன்னா வாயத் தொறக்க மாட்டோம்னு தெரிஞ்சிகினுதான் வர்றானுங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் கூட்டத்துக்குப் போனேன். சேகரே என் கையில் மைக்கைக் கொடுத்தான்.

"எங்க அக்கா பேர்ல ஸ்கூல் வேணும். ரோட்டுக்கு அந்தப் பக்கம் உங்க ஆலை இடம் சும்மாதானே கிடக்குது? அங்க கட்டுங்க. ஆத்துக்குப் போற வழியில அவ பேரை வைக்காதீங்க."

முதலில் கஸ்தூரி எழுந்தாள். அவளைப் பார்த்து மற்ற பெண்களும் எழுந்தார்கள். மேடையில் இருந்தவர்கள் எனக்குப் போட வைத்திருந்த பொன்னாடையை மடித்து எடுத்துக்கொண்டு போனார்கள்.

படகுகள் இன்னும் அங்கேதான் நிற்கின்றன. 'மாற்று இடம் பரிசீலனையில் இருக்கிறது' என்கிறது ஆலை. நான் நம்பவில்லை. சேகர் போன் செய்தான்: "சத்தியமா டீச்சருக்கு நல்லதுன்னு நெனச்சுதான் செஞ்சேன் ஆண்ட்டி." உன்னை வைத்து ஊரை மடக்கப் பார்த்தானா, இல்லை, அவனையும் யாரோ மடக்கினார்களா? அவனுக்குப் பாடம் சொன்னவள் நீ, உனக்குத் தெரிந்திருக்கும்.

மாலை வகுப்பு நிற்கவில்லை. கஸ்தூரியின் மகள் நடத்துகிறாள். போன வாரம் நான் அங்கே போனபோது ஒரு வாண்டு, "டீச்சர் மாதிரி நீ சிரிக்கவே மாட்டியா?" என்று என்னைக் கேட்டது.

சிரிக்கப் பழகுகிறேன் அக்கா. ஆனால் உன் பெயரைக் கேட்டு இனி யார் வந்தாலும், முதலில் அந்த இடத்தைப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பேன். இது சத்தியம்.

உன்னை யாருக்கும் விட்டுக்கொடுக்காத தங்கை,
எஸ்தர்