பதினொரு வெறுந்தாள்கள்

தோடம்பழத் தோலின் மணம் விரலில் நிற்கிறது. குளிர்காலத்தில் ஒஸ்லோக் கடைகளில் பெட்டியோடு விற்கிற சின்னத் தோடம்பழம்தான். ஒன்றை உரித்துச் சுளைகளைத் தட்டில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஒரு வரி முடிந்தால் ஒரு சுளை. ஓம் மச்சான், நானே எழுதுகிறேன், எழுபத்தொரு வயதில். சந்தோஷத்தில் இடையிடையே பேனாவை வைத்துவிட்டு எழுதியதைப் பார்க்கிறேன். ஆனால் நீ ஒரு தேநீர் ஆறுமுன் நான்கு பக்கம் எழுதியவன் என்று நினைத்ததும் வயிறு எரிகிறது.

இதே பழத்தை எங்களை அரை மணித்தியாலம் தின்ன வைத்த சிலி நாட்டு நடனக்காரியை மறந்திருக்கமாட்டாய். மரக்கறிக் கடைக்கு மேலே ஓர் அறை, வியாழன் பின்னேரம், மூச்சுப் பயிற்சிக்கு எட்டுப் பேர் வட்டமாக. ஊரில் சமாதானம் வரப்போகிறது என்று எல்லோரும் கதைத்துக்கொண்டிருந்த காலம் அது. நீ யாழ்ப்பாணத்து நாடகக்காரன், நான் மட்டக்களப்புக் கூத்துக்கு மத்தளம் அடித்தவன். மற்றவர்களும் பாட்டுக்காரர், ஓவியர், எல்லோரும் எங்கெங்கோ இருந்து ஓடி வந்தவர்கள். எல்லோருக்கும் இரண்டு காயம். ஒன்று ஊரில் பட்டது. மற்றது இங்கே பட்டது: வருடத்தில் ஒரு நாள் பன்னாட்டு விழாவுக்குக் கூப்பிட்டு, பத்து நிமிடம் தந்து, நாங்கள் போட்டிருந்த உடுப்பை மட்டும் புகழ்ந்து அனுப்புவது.

"வாடாப்பா, சும்மா இருந்து மூச்சு விடுறதுக்குத் தேத்தண்ணியும் தாறாங்கள்" என்று சொல்லித்தான் என்னைக் கூட்டிப்போனாய்.

நீ கண்ணை மூடினால் மூடினதுதான். மூச்சு உள்ளே போய் வெளியே வருவதும், உன் முகம் மெல்ல இளகுவதும், சில நாளில் கண்ணீர் தானாக வழிவதும் எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் ஒரு கண்ணைத் திறந்து உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வந்ததெல்லாம் முழங்கால் நோவு. அழக்கூட உனக்குத்தான் வந்தது.

பிறகு அந்தக் கம்பளித் தொப்பி. மூச்சு கொண்டுவந்ததை ஆளாளுக்குத் தன் மொழியில் எழுதி மடித்துத் தொப்பிக்குள் போடவேண்டும். எழுதினவர் வாசிக்கக் கூடாது, அந்த மொழி தெரிந்த இன்னொருவர் வாசித்து, நொர்வேஜிய மொழியிலும் சொல்லவேண்டும். தமிழுக்கு நாங்கள் இரண்டு பேர்தான். உன்னுடையதை நான், என்னுடையதை நீ. முதல் நாள் பேனாவை எடுத்துக் கையால் மறைத்து அசைத்துவிட்டு, வெறுந்தாளை நாலாக மடித்துப் போட்டேன். உன் தாள் என்னிடம் வந்தபோது கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டேன் என்றேன். அடுத்த கிழமையும் அதையே சொன்னேன். மூன்றாம் கிழமை நடனக்காரி எனக்கு ஒரு கண்ணாடி வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். நீ சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அவருக்கு மந்திரம் ஓதின கண்ணாடிதான் சரிவரும்" என்று அவளுக்கு நொர்வேஜிய மொழியில் விளங்கப்படுத்தி, இரண்டு தாளையும் நீயே வாசித்தாய்.

என் வெறுந்தாளை விரித்து, கண்ணை ஓடவிட்டு, நிறுத்தி நிறுத்தி வாசிப்பாய். "இண்டைக்கு முழங்கால் நோகுது. ஆனால் பனி வடிவாக் கிடக்கு." எல்லோரும் என்னைப் பார்த்துத் தலையாட்டுவார்கள். எனக்கு எழுத்துத் தெரியாதா என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பதினோராவது தாளில்தான் பிரச்சினை வந்தது. அதையும் விரித்தாய். "என்ர மத்தளத்தை அவங்கள் என்ர கண்ணுக்கு முன்னால உடைச்சாங்கள். அண்டைக்குப் பிறகு என்ர கைக்குச் சத்தமில்லை" என்று வாசித்தாய். அறை முழுக்க அழுதது. ஒவ்வொருவராக வந்து என்னைக் கட்டிப்பிடித்தார்கள். ஆனால் அவர்கள் அழுதது உன் குரலுக்கு மச்சான். என் துக்கத்தைக்கூட நீ என்னைவிட நன்றாகச் சொன்னாய். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நிலக்கீழ் ரயில் மேடையில் உன்னைப் பிடித்தேன்.

"என்ட கதைய நீ என்னத்துக்குச் சொன்ன?"

"எத்தினை வருஷமா நீ மத்தளத்தைத் தொடேல்லை. ஏனெண்டும் சொல்லேல்லை. அதுதான் நான் சொன்னனான்."

"நீ சொன்னது பொய்."

"அப்ப உண்மையை நீ சொல்லன்."

ரயில் வந்தது. நீ ஏறினாய், நான் ஏறவில்லை. அடுத்த வியாழன் நான் போகவில்லை, அதற்கடுத்ததும் இல்லை. பனி கரையுமுன் நீ போய்விட்டாய்.

உன் செத்தவீட்டுக்கு வந்தபோது உன் மனைவி ஓர் உறை தந்தார். "அண்ணை, இது உங்கட எண்டு சொன்னவர்" என்றார். மேலே ஏதோ எழுதியிருந்தது. என்னவென்று கேட்க வெட்கமாக இருந்தது. அதற்காகத்தான் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஆறு வயதுப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். ஒன்றரை வருடம். உன் கையெழுத்தில் நான் வாசித்த முதல் சொல் என் பெயர். என்ன அழகாக எழுதியிருக்கிறாய், படுபாவி. நான் எழுதினால் என் பெயர் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது.

உள்ளே பதினொரு தாள்கள், நான் மடித்த மடிப்போடு. ஒன்றிலும் நீ ஒரு கோடுகூடப் போடவில்லை. அந்தக் கடைசித் தாளிலும்.

நான் அதில் உண்மையை எழுதினேன். என் மத்தளத்தை ஒருவரும் உடைக்கவில்லை மச்சான். காவலரணில் எங்களை இறக்கி, மத்தளத்தை அடிக்கச் சொன்னார்கள். பக்கத்தில் என் தம்பி முழங்காலில் நின்றான். அடித்தேன். என் ஆயுளில் அப்படி நன்றாக அடித்ததில்லை. அவர்கள் கைதட்டினார்கள். என்னை விட்டார்கள், தம்பியை விடவில்லை. இந்த ஊர் மேடையில் கைதட்டல் கேட்ட நாள் எனக்கு அந்தக் கைகள்தான் கேட்டன. அதற்குப் பிறகு மத்தளத்தைத் தொடவில்லை.

போன வியாழன் அதைத் தொப்பிக்குள் போட்டேன். தமிழ் வாசிக்க வேறு ஆள் இல்லை என்பதால் வட்டத்தின் வழக்கத்தை எனக்காக விட்டுக்கொடுத்தார்கள். விரலை வைத்து நானே வாசித்தேன். ஒருவருக்கும் விளங்கவில்லை. "என்ன எழுதியிருக்கிறாய்?" என்று நடனக்காரி கேட்டாள். என்னிடம் இருக்கிற நொர்வேஜிய மொழி அதற்குப் போதாது. நாற்காலியைத் திருப்பி மடியில் வைத்து, அன்று அடித்ததை அடித்தேன். முடித்தபோது ஒருவரும் கைதட்டவில்லை. மூச்சு மட்டும் கேட்டது, நீ இல்லாத ஏழு பேரின் மூச்சு. கண் மூடியிருந்தேன், இரண்டும்.

நீ இருந்திருந்தால் அதை இன்னும் வடிவாகச் சொல்லியிருப்பாய். அந்த எரிச்சல் போகவில்லை, போகவும் வேண்டாம். உறையில் மிச்சம் பத்துத் தாள்கள் இருந்தன. முதல் தாளில் இதை எழுதத் தொடங்கினேன். இடம் முடிந்து, இப்போது ஐந்தாவதில் நிற்கிறேன்.