நாற்பது நிமிஷம்

மார்ச் 4

அன்புள்ள நெட்டைக்கு,

நீ நலமா என்று கேட்டு எழுதி மூன்று வாரம் ஆகிறது. பதில் போட உனக்கு மனசு வரவில்லை. சரி, திட்டுவதை நேரில் வைத்துக்கொள்கிறேன். எனக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. பள்ளிக்கூடப் படியில் நான் ஏறுவதைப் பார்த்தால் நீ சிரிப்பாய்.

ஆறாம் வகுப்பில் ஒரு வாயாடி இருக்கிறாள். "டீச்சர், நல்லா வாழ்றதுன்னா என்ன?" என்று கேட்டாள். உன்னைத்தான் சொன்னேன். படுக்கையில் கிடந்த அம்மாவைப் பதினோரு வருஷம் பார்த்துக்கொண்டாய். தினமும் நாலரைக்கு வீட்டுக்கு வந்து அவளைப் புரட்டிப் படுக்க வைத்தாய். போகும்வரை அவள் முதுகில் ஒரு புண் இல்லை. வகுப்பே தலையாட்டியது. வாயாடி மட்டும், "பாவம் டீச்சர், அவரு விளையாடவே போகலையா?" என்றாள்.

உங்கள் ஊரில் ஏதோ ஆபீஸ் கட்டடத்தில் லிஃப்ட் கயிறு அறுந்து, கூட்டிப் பெருக்கும் பெண் இறந்துவிட்டாளாமே. பேப்பரில் பார்த்தேன். லிஃப்டைச் சோதித்து நீ கையெழுத்துப் போட்ட இடத்தில் அப்படி நடக்காது என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உன் அக்கா

மார்ச் 9

அக்கா,

அது நான் கையெழுத்துப் போட்ட லிஃப்ட்தான்.

மாதம் ஒரு தடவை உச்சியில் இருக்கும் மோட்டார் அறைக்கு ஏற வேண்டும். கயிற்றின் தடிமனை அளக்க வேண்டும், கயிறு அறுந்தால் பெட்டியைப் பிடித்து நிறுத்தும் கொக்கியை அசைத்துப் பார்க்க வேண்டும், ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். ஒரு லிஃப்டுக்கு நாற்பது நிமிஷம். அந்த அறைக்கு நான் ஏறி மூன்று வருஷம் ஆகிறது. ரிஜிஸ்டர் வீட்டில் அம்மா மருந்துப் பெட்டிக்குப் பக்கத்தில்தான் இருக்கும். போன மாதக் கணக்கைப் பார்த்து இந்த மாதம் எழுதுவேன். நாலரைக்கு வீட்டில் நின்றது அப்படித்தான். அம்மா போன பிறகாவது ஏறியிருக்கலாம். ஏழு மாதம். பழகிவிட்டது.

இதற்கு மேலும் இருக்கிறது. கயிறு நன்றாக இருந்ததாக நான் எழுதியிருக்கிறேன் இல்லையா? அப்படியானால் விபத்துக்கு முந்தின வாரம் மோட்டாரைச் சரி செய்த மெக்கானிக்தான் கெடுத்திருக்க வேண்டும் என்று அவரைப் பிடித்து உள்ளே வைத்திருக்கிறார்கள். அவர் ஜனவரியிலேயே என்னிடம், "சார், கயித்தை ஒரு தரம் பாத்துடுங்க" என்றார். "பாத்தாச்சுப்பா" என்றேன்.

வியாழக்கிழமை விசாரணை. சொல்லப்போகிறேன்.

தம்பி

மார்ச் 11

நெட்டை,

நாலு தடவை படித்துவிட்டேன். எழுத்தெல்லாம் உன்னுடையதுதான், ஆனால் யாரோ எழுதியதுபோல இருக்கிறது.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது எனக்கு ஒன்று ஞாபகம் வந்து, கை அப்படியே நின்றுவிட்டது. போன வருஷம் லீவுக்கு வந்திருந்தேன். கதவில் நசுங்கி உன் விரலில் கட்டு. நீ சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். பதிமூணு, பதிமூணு, பன்னெண்டு புள்ளி எட்டு. "என்னடா இது?" என்றேன். "கயித்தோட தடிமன்க்கா" என்றாய். அம்மா படுக்கையிலிருந்து, "இந்த வயசுல ரெண்டு பேரும் வீட்டுப்பாடமா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். நீ அளந்து மனசில் வைத்திருக்கிறாய் என்று நினைத்தேன்.

என் எழுத்து அந்த ரிஜிஸ்டரில் இருக்கிறது. நீ சொல்லாதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அப்புறம் அந்த மெக்கானிக்கின் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று யோசித்தேன். அதற்கு மேல் எழுத வரவில்லை.

ஒன்று மட்டும் சொல். அம்மா முதுகில் புண் இல்லாமல் இருந்ததே, அதுவும் பொய்யா?

அக்கா

மார்ச் 20

அக்கா,

சொல்லிவிட்டேன். மெக்கானிக்கை விட்டுவிட்டார்கள். வாசலில் என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

இறந்தவளின் கணவர் படிக்கட்டில் என்னை நிறுத்தினார்.

"ஏறியிருந்தா தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்கும்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"நாப்பது நிமிஷம்."

"அவ்வளவுதானா?" என்றார். மறுபடியும், "அவ்வளவுதானா?" என்று கேட்டுக்கொண்டே கீழே இறங்கினார்.

அம்மா முதுகு பொய் இல்லை. அந்த நாற்பது நிமிஷத்தில்தான் அவளைப் புரட்டினேன். இறந்தவளின் புருஷனிடமிருந்து எடுத்த நேரம் அது. எனக்கு அது இப்போதுதான் தெரிகிறது. உன் வாயாடிக்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

என்மேல் வழக்குப் போடுவார்கள். அந்த ஒரு பக்கம் வேறு கையெழுத்து என்று கேட்டார்கள். நான் சொன்னதை அக்கா எழுதினாள், அவளுக்கு ஒன்றும் தெரியாது என்றேன். திங்கட்கிழமை உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நடந்ததை அப்படியே சொல். எனக்காக ஒரு வார்த்தையும் கூட்டாதே.

விசாரணை ஐந்தாவது மாடியில். உன் முட்டிக்கு ஆகாது. நேற்று வாட்ச்மேனிடம் கெஞ்சிச் சாவி வாங்கி, விசாரணை நடக்கும் கட்டடத்து மோட்டார் அறைக்கு ஏறினேன். வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவன் ஏறக்கூடாதுதான். கயிறு மூன்றையும் அளந்தேன், கொக்கியை அசைத்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது. பழக்கம் விட்டுப்போனதால் ஒரு மணி நேரம் ஆயிற்று.

நம்பினால் லிஃப்டில் வா. முடியாவிட்டால் கீழேயே நில்லு. நான் வருகிறேன். என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியில் ஏறலாம்.

நெட்டை