சிவப்பு மையில் இரண்டு இனிஷியல்

மிஸ்,

முடிச்சூர் ரோட்டில் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்துச் சுவரில் உங்களை ஒட்டியிருக்கிறார்கள். கண்ணீர் அஞ்சலி போஸ்டர். பசை இன்னும் காயவில்லை. அந்தப் புளித்த மைதா வாசனை ஷேர் ஆட்டோவுக்குள் வரை வந்தது. போட்டோவில் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரிக்கிறீர்கள். இரண்டுமே நான் பார்த்திராதது. கீழே நாலு வரி, அத்தனையும் தமிழ். உங்கள் நர்சரி ஸ்கூலில் யாராவது அதைச் சத்தமாகப் படித்திருந்தால் கழுத்தில் அட்டை விழுந்திருக்கும்.

“பாவம், நல்ல டீச்சர்” என்று பக்கத்தில் இருந்த ஆன்ட்டி உச்சுக் கொட்டினார். நான் வாயை மூடிக்கொண்டேன். அது நீங்கள் கற்றுத் தந்ததுதான்.

அட்டையை மறந்திருக்க மாட்டீர்கள். பிஸ்கட் டப்பா அட்டை, சணல் கயிறு, நடுவில் ‘ஐ ஸ்போக் டமில்’ என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதியிருக்கும். வகுப்பில் இங்கிலீஷ் தவிர வேறு எது வாயில் வந்தாலும் அதை மாட்டிக்கொள்ள வேண்டும். இன்னொருத்தியைப் பிடித்துக் கொடுத்தால்தான் கழற்றலாம். நான் தெலுங்கு பேசினாலும் அதே தமிழ் அட்டைதான். எங்கள் பாஷைக்குத் தனி அட்டை செய்யக்கூட உங்களுக்கு மனசில்லை.

நாலு வயதில் நான் அதில் சாம்பியன். அட்டை என் கழுத்துக்கு வந்ததும் பக்கத்தில் இருப்பவள் தொடையில் ஒரு கிள்ளு. கிள்ளினால் யாரும் இங்கிலீஷில் கத்துவதில்லை. “ஐயோ அம்மா!” அவ்வளவுதான், அட்டை கைமாறிவிடும். இங்கிலீஷ் வந்ததோ இல்லையோ, காட்டிக்கொடுக்க நன்றாக வந்தது.

இதுவரைக்கும் விளையாட்டு. என் தங்கை சின்னு உங்களிடம் எல்கேஜி சேர்ந்த வருஷம்தான் எனக்கு உங்கள் மேல் விரோதம் வந்தது. அப்போது நான் எட்டாவது. வீட்டில் எங்களுக்குத் தெலுங்கு, படியிறங்கினால் தமிழ். சின்னு இரண்டையும் ஒரே தட்டில் பிசைந்து சாப்பிடுகிறவள். காலையில் கண் திறந்ததிலிருந்து வாய் மூடாது. அப்பா அவளை ‘எஃப்எம்’ என்றுதான் கூப்பிடுவார்.

ஜூலையில் அம்மாவை வரச் சொன்னீர்கள். நானும் ஒட்டிக்கொண்டு வந்தேன்.

“வீட்ல என்ன லேங்குவேஜ்?”

“தெலுங்கு மிஸ். தமிழும் பேசுவோம்.”

“அதான். குழந்தை கன்ஃப்யூஸ் ஆகுறா. ஒண்ணு கேட்டா மூணு பாஷையில பதில் சொல்றா. இன்னிலேர்ந்து வீட்ல இங்கிலீஷ் மட்டும்தான். புரியுதா?”

அம்மா தலையாட்டினாள். இதைக்கூட நீங்கள் தமிழில்தான் சொன்னீர்கள் என்பதை நான் அப்போதே கவனித்துவிட்டேன்.

அம்மா நெல்லூர்ப் பக்கத்தில் பத்தாவது வரை தெலுங்கில் படித்தவள். அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷை நான் எண்ணிப் பார்த்தேன். கம், சிட், ஈட், பாத், ஸ்லீப், நோ. எதிர்வீட்டுப் பொமரேனியனுக்கு இதைவிட அதிகம் தெரியும். இந்த ஆறை வைத்துக்கொண்டு அம்மா ஒரு குழந்தையை வளர்க்கப் பார்த்தாள். மிஸ் சொன்னால் சொன்னதுதான்.

கதை நின்றது. தலை வாரும்போது பாடுவது நின்றது. தலைக்கு மேல் போகிற ஏர்ஃபோர்ஸ் விமானங்களுக்கு எங்கள் சொந்தக்காரர்களின் பெயரை வைத்து, “இதோ உன் குண்டு மாமா போறான் பாரு” என்று சோறு ஊட்டுவாள். மாமாக்கள் எல்லாம் இப்போது பெயரில்லாமல் பறந்தார்கள். “ஈட். ஈட்.” சின்னு அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு மெல்லுவாள். நான் தெலுங்கில் ஏதாவது ஆரம்பித்தால் அம்மா உதட்டில் விரல் வைப்பாள்.

காலாண்டு லீவுக்குள் எஃப்எம் ஸ்டேஷன் மூடிவிட்டது. ஒரு நாள் மொட்டைமாடியில் துணி எடுக்கும்போது சின்னு என் சுடிதாரைப் பிடித்து இழுத்தாள்.

“அக்கா, அம்மாக்கு என் மேல கோவமா?”

“ஏன்டி?”

“என்கூட பேசவே மாட்டேங்கறாங்க.”

அந்த வாரம் வந்த ரிப்போர்ட் கார்டில் நீங்கள் ‘வெரி கொயட் சைல்ட்’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு தங்க ஸ்டார் ஒட்டியிருந்தீர்கள். அட்டையைக்கூட விட்டுவிடுவேன் மிஸ். அந்த ஸ்டாரை மட்டும் விட முடியவில்லை.

எனக்கு ஒரு கைத்தொழில் உண்டு. எட்டாவது வருவதற்குள் அப்பாவின் கையெழுத்தை நாலு முறை போட்டிருந்தேன். பிடிபட்டது ஒரு முறைதான். சின்னுவின் டைரியில் இருந்த உங்கள் சாய்ந்த எழுத்தை ரஃப் நோட்டில் போட்டுப் போட்டுப் பழகினேன். பிறகு டைரியிலேயே எழுதினேன். தினமும் மாலை ஆறிலிருந்து ஏழு வரை பெற்றோர் குழந்தையிடம் தாய்மொழியில் பேசவும். அடியில் சிவப்பு மையில் உங்கள் இனிஷியல்.

“இது ஹோம்வொர்க்கா?” என்றாள் அம்மா.

“ஆமாம்மா. மார்க் உண்டு.”

அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறாக இருபது நிமிடம். அந்த இருபது நிமிடமும் சின்னுவை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், முள்ளையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஆறு ஆனதும் பேச ஆரம்பித்தாள். என்ன பேசினாள் என்று சொல்ல மாட்டேன், அது உங்களுக்கில்லை. ஏழு நெருங்கும்போது நான் ஸ்டூல் போட்டு ஏறி முள்ளைப் பின்னால் தள்ளினேன். அம்மா பார்த்தாள். பார்த்துவிட்டு, குண்டு மாமாவை மறுபடி பறக்கவிட்டாள்.

மறுநாள் சின்னுவை விட வந்தபோது டைரியோடு கேட்டில் என்னை நிறுத்தினீர்கள். உங்கள் இனிஷியலுக்குக் கீழே அம்மா தெலுங்கில் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

“யார் எழுதினது இது?”

“நீங்கதான் மிஸ். உங்க கையெழுத்து இருக்கே.”

என்னைப் பார்த்தீர்கள். அம்மாவின் கையெழுத்தைப் பார்த்தீர்கள். அடி விழும் என்று நான் தலையை ஒதுக்கினேன். நீங்கள் சிவப்புப் பேனாவை எடுத்து, என் பொய் இனிஷியலுக்குப் பக்கத்தில் நிஜ இனிஷியலைப் போட்டீர்கள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னீர்கள்: “உங்க வீட்டுக்கு மட்டும். யார்கிட்டயும் சொல்லாத. வெளிய தெரிஞ்சா பேரன்ட்ஸ் எல்லாம் வேற ஸ்கூல் பார்த்துட்டுப் போயிடுவாங்க.”

“அப்போ அட்டை தப்புதானே மிஸ்?”

“வாயாடி. போ.”

இங்கே நிறுத்தினால் நீங்கள் நல்லவராகிவிடுவீர்கள். நிறுத்த மாட்டேன். தெரியாமல் செய்தவர் என்றால் நானும் ஆன்ட்டியோடு சேர்ந்து உச்சுக் கொட்டியிருப்பேன். உங்களுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் அடுத்த வாரமே அட்டையை லேமினேட் செய்து அதே ஆணியில் மாட்டினீர்கள். சின்னுவின் கழுத்துக்கு அது வரவில்லை, அவ்வளவுதான். நானும் யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் வீடு பேச ஆரம்பித்ததும் மற்ற வீடுகள் எனக்கு மறந்துபோயின. காட்டிக்கொடுக்கத் தெரிந்த என்னையே உங்களைக் காட்டிக்கொடுக்காதபடி வைத்திருந்தீர்கள்.

சின்னு இப்போது மூன்றாவது. இரண்டு பாஷையில் சண்டை போட்டுவிட்டு இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்கிறாள். அந்த டைரியை நான் வைத்திருக்கிறேன். இரண்டு இனிஷியலில் எது உங்களுடையது என்று எனக்கே தெரியவில்லை.

போஸ்டர் பார்த்துவிட்டு வீடு திரும்பியபோது கீழ்வீட்டு வாசலில் நின்றேன். அங்கே ஒரு மலையாளக் குடும்பம். மகள் மாளு ஜூனில்தான் உங்களிடம் எல்கேஜி சேர்ந்தாள். கதவுக்குப் பின்னால் அவள் அம்மாவின் குரல்: “மாளு, கம். மாளு, ஈட்.” மாளுவின் குரல் கேட்கவே இல்லை.

உங்களுக்காக விட்ட லீவு இன்றோடு முடிகிறது. நாளை காலை வேனுக்கு நிற்கும்போது மாளுவின் பையை நான்தான் பிடித்துக்கொள்வேன், டைரி அதற்குள்தான் இருக்கும். சிவப்புப் பேனா வாங்கியாகிவிட்டது. உங்கள் சாய்ந்த எழுத்து என் விரல்களில் அப்படியே இருக்கிறது. நீங்கள் விட்டுப்போனதில் எனக்குப் பயன்படுவது அது ஒன்றுதான். தேதியை மட்டும் போன வெள்ளிக்கிழமை என்று போட வேண்டும், அன்று நீங்கள் உயிரோடு இருந்தீர்கள்.

ஆறிலிருந்து ஏழு என்று இந்த முறை எழுதப் போவதில்லை. நேரமே குறிக்கப் போவதில்லை.